சனிக்கிழமைச் சுவர்

பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை விட்டு வெளியேறி, செம்மண் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். இந்திராணி எனக்கு முன்னால் போனார். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர். ஆனாலும் நான் எட்டிப் பிடிக்க முடியாத வேகம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். காஹாங் சாலைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பஸ். அவர் வலது கையின் ஆள்காட்டி விரலை மட்டும் மற்ற விரல்களோடு சேர்க்காமல் நீட்டி வைத்திருந்தார். அந்த நகத்தில்தான் சுவரின் கறை ஒட்டியிருந்தது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அண்ணனை வீட்டுக்குக் கூட்டிப் போவாரா, மாட்டாரா? குளுவாங்கில் ஒரு சிறிய பராமரிப்பு இல்லத்தில் அவருடைய அண்ணன் தனபாலன் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்ன நாளில் தங்கை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

எல்லாம் அந்தப் படங்களால் வந்தது.

நான் வேலை பார்த்த மனநல மருத்துவமனையின் பழைய பிளாக்கை மூடிப் பல வருடங்களாகின்றன. பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். யாரோ ஒரு இளைஞர் உள்ளே போய்ப் படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார். என்னோடு வேலை பார்த்த குமரேசன் அதை வாட்ஸ்அப் புலனத்தில் எனக்கு அனுப்பி, "மணியண்ணே, நம்ம வார்டு. செத்துப் போன மாதிரி கெடக்கு, பாருங்க" என்று எழுதியிருந்தான். நான் இதை எழுதுவதும் அவன் நச்சரிப்பால்தான்.

படங்கள் நன்றாகவே இருந்தன. சக்கர நாற்காலிக்குள் பெரணி முளைத்த படம், ஓடு விழுந்த குளியல் அறை, அப்புறம் அந்தச் சுவர். நீண்ட வெள்ளைச் சுவரில், உட்கார்ந்த மனிதரின் தலை உயரத்துக்கு, வரிசையாகக் கருஞ்சிவப்புக் கறைகள். அதற்குக் கீழேதான் ஆட்கள் எழுதித் தள்ளியிருந்தார்கள். "அலமாக், செராம் லா, பயமா இருக்கு." "எல்லாம் ரத்தம். மண்டைய செவத்துல மோத வச்சிருக்காங்க." "இங்க வேல பாத்தவனுங்க நல்லா இருக்க மாட்டானுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. காலியான ஆஸ்பத்திரியைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அங்கே ஆட்கள் இருந்தபோதே பலருக்குப் பயம்தான். அதே வரிசையில் இன்னொரு படம் இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு மரத்தடியில், சிமெண்டு பெஞ்சு. அதற்குக் கீழே யாரும் அதிகம் எழுதவில்லை. "நல்ல நிழல்" என்று ஒருவர் போட்டிருந்தார். நான் அந்தப் படத்தைத்தான் சீக்கிரம் தள்ளிவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பாலோவில் பால்மரம் சீவினேன், காட்டு மர லாரியில் பின்னால் தொங்கினேன், தங்காக்கில் துணிக்கடையில் சீலைக்கட்டு சுமந்தேன், சிங்கப்பூரில் கட்டடத்துக்குக் கம்பி கட்டினேன். எதிலும் நிலைக்கவில்லை. அடித்துத் துரத்தியதும் உண்டு, சொல்லாமல் கிளம்பியதும் உண்டு. பட்டினி கிடந்தது பெரிய விஷயமில்லை. பழகினால் மத்தியானத்துக்கு மேல் பசி தெரியாது.

அப்படி ஒரு நாள் காஹாங் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, எதிரே நீலச் சட்டை போட்ட சீனப் பெரியவர் ஒருவர் வந்தார். எங்கே போகிறீர்கள் என்று மலாயில் கேட்டேன். மெர்சிங், மீன் பிடிக்க என்றார். நடந்து போகிற தூரமில்லை அது. எனக்கும் போக இடமில்லை. கூடவே நடந்தேன். களைத்தபோது உட்கார்ந்தோம், கதை பேசினோம். பிறகு, தூண்டிலை மறந்து வந்துவிட்டோமே என்றேன். அவரே திரும்பி நடந்தார். மருத்துவமனைக் கேட்டில் ஆட்கள் கூட்டமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையில் ஓர் அம்மா மட்டும் ஓடாமல் நின்றிருந்தார்.

அவர்தான் பிலோமினா மிஸ்ஸி. வார்டுக்குப் பொறுப்பு அவர். எங்கள் பக்கத்தில் தாதிகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒனக்கு என்ன வேல தெரியும்?" என்றார்.

"எதுவும் முழுசா தெரியாது மிஸ்ஸி. எங்கயும் நிக்க மாட்டேன், அதான்."

"நல்லதாப் போச்சு. இங்கயும் சில பேரு நிக்கவே மாட்டாங்க. அவங்க கூட நட."

பயிற்சிக்கு ஜோகூர் பாருவுக்கு அனுப்பினார்கள். போனேன், வந்தேன். மருந்துப் பெயர்களை வாசிக்கவும், வலிப்பு வந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்றும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் மிஸ்ஸியைப் பார்த்துக் கற்றது.

அவர் பாலோ பக்கத்துத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர். மாதா கோயில் தவறாதவர். ஆண்கள் வார்டின் நிலையில் வந்து நின்று, மோதிரத்தால் கட்டையைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்று கேட்பார். கதவே இல்லாத நிலை அது. உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அவர் வந்ததே தெரியாது. யாராவது பதில் சொல்லும்வரை அங்கேயே நிற்பார். எனக்குப் பொறுக்காது. வழக்கமாக, நான் மெர்சிங் போகாமல் தடுத்த அந்த ஆ செங்தான், படுத்தபடியே "மாசோக்!" என்று உத்தரவு கொடுப்பார். அதற்கப்புறம்தான் மிஸ்ஸியின் கால் உள்ளே வரும். டாக்டர்களும் அவர் பின்னால் காத்து நின்றிருக்கிறார்கள்.

எண்ணெய் அவர் கொண்டுவந்தது. மெஷின் போட்டு முடி வெட்டுவதால் எல்லாருடைய தலையிலும் சிரங்கு. களிம்பு தடவினால் சொறிந்துவிடுவார்கள். "சனிக்கிழம எண்ண தேய்ப்போம். நம்ம ஊர்ல அதுக்கு டாக்டர் சீட்டா வேணும்?" என்றார். ஆனால் அதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். தேங்காய் எண்ணெய்ப் போத்தலை முதலில் வெயிலில் வைக்க வேண்டும். பின்னாலிருந்து யாரையும் தொடக் கூடாது. எதிரே போய், வெறும் கையை விரித்துக் காட்ட வேண்டும். அவர் பார்க்கும்போதே எண்ணெயை ஊற்றி, முதலில் நம் தலையில் தேய்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்கலாம்.

தேய்த்துக்கொண்டவர்கள் வார்டின் கிழக்குத் தாழ்வாரச் சுவரோரம் இருந்த நீளப் பலகையில், ஊறட்டும் என்று வெயிலில் உட்காருவார்கள். அவரவருக்கு ஓர் இடம். கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்ப்பார்கள். அதில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் உண்டு. சண்டைக்காரர்கள்கூட அந்த நேரத்தில் சண்டை போட்டதில்லை. வருடா வருடம் சுண்ணாம்பு அடிப்பார்கள். எண்ணெய் அதையும் தாண்டி மேலே வந்துவிடும். செம்பனைப் பழ லாரிகள் கிளப்பும் செம்மண் தூசி அதில் ஒட்டும். அந்தக் கறை அப்படி வந்தது.

தனபாலன் அந்தப் பலகையில் உட்கார்ந்ததில்லை. நான் சேர்ந்தபோது அவர் அங்கே வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இரண்டு கைகளையும் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பார். அவருடைய தலையில் மூடி இல்லையாம். கையை எடுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே போய்விடுமாம். அதனால் கையால் சாப்பிட மாட்டார். நாங்கள்தான் ஊட்ட வேண்டும். குளிக்க மாட்டார். முடி வெட்டப் போனால் கடிப்பார். என் முன்கையில் அவருடைய பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. அடங்காத நாட்களில் கதவில் சின்ன ஜன்னல் வைத்த அறைக்குள் அவரை வைத்தோம். அந்த அறையும் இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமைதோறும் அவர் முன்னால் போய்க் கையை விரிப்பேன். தலையை ஆட்டுவார். நானும் நகர்ந்துவிடுவேன். ஒருநாள் எனக்குச் சலித்துப்போய், "இவரு ஒத்துக்கவே மாட்டாரு மிஸ்ஸி" என்றேன்.

மிஸ்ஸி அவர் பக்கம் திரும்பினார். "அவரு தலைய மட்டுமே கேட்டுக்கிட்டு இருக்கோம்ல? ஒன் தலைய அவருகிட்ட குடுத்துப் பாரு."

முக்காலியை எடுத்து அவருக்கு முன்னால் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கடிக்கிறவருக்கு முதுகைக் காட்டுவது சுகமான வேலையில்லை. போத்தலைப் பக்கத்தில் வைத்து, "பாலண்ணே, என் தலையிலயும் மூடி சரியில்ல போல. பாருங்க" என்றேன்.

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உச்சியில் எண்ணெய் விழுந்தது. ஒரு கை, அப்புறம் இன்னொரு கை. நல்ல தேய்ப்பு, காதுக்குப் பின்னால்வரை. யாரோ அவருக்குச் சின்ன வயதில் அப்படித் தேய்த்திருக்க வேண்டும். கடைசியில் உள்ளங்கையால் உச்சியில் தட்டி, "மூடியாச்சு" என்றார். திரும்பிப் பார்த்தேன். அவருடைய இரண்டு கைகளும் தொங்கிக்கொண்டிருந்தன.

"அடுத்து நான்!" என்று ஆ செங் வந்து உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வார்டில் எண்ணெய் தேய்க்கும் வேலை பாலண்ணனுடையது. எங்களுக்குக் கூடக் கொடுக்க மாட்டார். சாப்பாட்டைத் தானே சாப்பிட ஆரம்பித்தார். நோய் போய்விடவில்லை; மாத்திரை இன்றும் உண்டு. ஆனால் அந்த அறைக்குள் மறுபடி அவரை வைக்க வேண்டி வரவில்லை. எங்கேயும் நிற்காத நான் ஓய்வு பெறும்வரை அங்கே நின்றதற்கும், சனிக்கிழமை என் தலைக்கு ஒரு முறை இருந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பிளாக்கை மூடியபோது அவர் குளுவாங் இல்லத்துக்குப் போனார். நானும் குளுவாங்கில்தான் அறை எடுத்திருக்கிறேன். இல்லத்தை நடத்தும் சேவியர், அவர் குடும்பம் முன்பு இருந்த பாலோவில் கோயில் ஆட்களிடம் விசாரித்து, தங்காக்கில் ஒரு தங்கை இருப்பதைப் போன வருடம்தான் கண்டுபிடித்தார். போனில் பேசினார்கள். வந்து கூட்டிப் போகிறேன் என்று இந்திராணி நாள் சொன்னார். அந்த வாரம்தான் படங்கள் வந்தன. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை.

நான் தங்காக்குக்குப் போனேன். துணிக்கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில், ரவிக்கை தைக்கும் சின்னக் கடை. பின்பக்கம் வீடு. மிஷினுக்கு மேலே சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். இருபது வயதுப் பாலண்ணன், மீசை அரும்பியபடி, தலை வாரி. மாலையைக் கழற்றியிருந்தார்கள். கண்ணாடியில் வைத்த குங்குமப் பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

நான் யார் என்று சொன்னதும் அவர் மிஷினை நிறுத்தினார். "எனக்கு பத்து வயசு அப்போ. அண்ணன் சிங்கப்பூர்ல செத்துட்டாருன்னு எங்கப்பா சொன்னாரு. கருமாதி செஞ்சாரு, மொட்ட போட்டாரு. லயத்துல எல்லாரும் வந்து அழுதாங்க. அப்பா போனதுக்கப்புறம் நான்தான் வருஷா வருஷம் படையல் போடுறேன். சார்டின் சம்பல், பால் போடாத கோப்பி ஓ. அவருக்குப் புடிக்கும்." கண்ணைத் துடைக்கவில்லை. "உசுரோட இருக்கற மனுஷனுக்கு."

"அது ஒங்க தப்பு இல்லியே தங்கச்சி."

"அதக்கூட தாங்கிக்கிட்டேன். ரூம்பு ஒதுக்கி, பெயிண்ட் அடிச்சேன். அப்போதான் பக்கத்துக் கடைப் பொண்ணு இதக் காட்டுச்சு." கைப்பேசியை நீட்டினார். சுவர்ப் படம், பெரிதாக்கியபடி. "நான் இங்க சோறு போட்டு காக்காவக் கூப்புட்ட நேரத்துல, அங்க அவர் தலைய ஒடச்சிருக்காங்க. தெனமும் பாக்குறேன். இதுல எது எங்கண்ணன் தலைன்னு தேடுறேன். எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் போயி வாங்கண்ணேன்னு சொல்றது?"

"அது ரத்தம் இல்ல. எண்ணெய்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அங்க வேல பாத்தவரு. வேற என்ன சொல்வீங்க?"

நியாயமான கேள்வி. "வந்து பாக்கறீங்களா?" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்தார். கேட் விழுந்து கிடந்தது. வார்டு நிலையில் வந்ததும் நான் பழக்கத்தில் நின்றுவிட்டேன். உள்ளே வரலாமா என்று யாரைக் கேட்பது? அவர் என்னைத் தாண்டி நேரே தாழ்வாரச் சுவரிடம் போனார். ஒரு கறையை நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். தாழ்வாரக் கூரை இருந்ததால் அந்தச் சுவரில் மழை படாது.

மறுபடி முகர்ந்துவிட்டு, "எங்கம்மா தலகாணி ஒற வாசம்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, முக்காலி, மூடியாச்சு. யார் எந்த இடத்தில் உட்காருவார்கள் என்று ஒவ்வொரு கறையாகக் காட்டினேன். "இதுல ஒங்கண்ணன் தலை எதுவும் இல்ல. இது எல்லாம் அவரு கை."

அவர் உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வைத்த கதவையும் பார்த்திருந்தார். அதைப் பற்றிக் கேட்டார். ஆமாம், உள்ளே வைத்திருக்கிறோம் என்றேன். என் தழும்பைக் காட்டினேன்.

"அதுவா அவருக்கு ரொம்ப கஷ்டம்?"

இல்லையென்று தலையாட்டி, அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தப் பெண் நிம்மதியாக வெளியே வந்திருப்பார். ஆனால் எண்ணெயை நம்பச் சொன்னவன் மற்றதை மறைத்தால், எண்ணெயும் பொய்யாகிவிடும்.

"இல்ல. வெளிய ஒரு பெஞ்சு இருக்கு. மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பாக்க வர்ற நாள். அவரே குளிச்சி, கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கிட்டு, காலைலயே போயி ஒக்காருவாரு. சாயங்காலம் தேத்தண்ணி மணி அடிச்சா எழுந்து வருவாரு. யாரையும் திட்ட மாட்டாரு. 'இன்னிக்கி பஸ் இல்ல போல'ம்பாரு. கடைசி வரைக்கும் போனாரு. கஷ்டம்னா அதான்."

இந்திராணி சுவரிலிருந்து கையை எடுத்தார். வெளியே வந்தார். பெஞ்சு அருகே நின்றார். உட்காரவில்லை. பிறகு அந்த வேகமான நடை தொடங்கியது.

சாலைக்கு வந்ததும்தான் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்காக் பஸ் வேணாம். குளுவாங்ல எறங்கிக்கிறேன். இல்லத்துல பாக்கற நேரம் எப்போ?"

"இன்னிக்கி முடிஞ்சிருச்சி. காலைல தொறப்பாங்க."

"தொறக்கறதுக்கு முன்னாடி போயிரலாம்."

மறுநாள் சனிக்கிழமை. நாங்கள் போனபோது பாலண்ணன் இல்லத்தின் பின்கட்டில் போத்தலை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தார். முழுக்க நரைத்த தலை. இந்திராணி வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் மனதில் இருந்தது மீசை அரும்பிய படம். பாலண்ணன் மனதில் இருந்தது பத்து வயதுப் பிள்ளை. இரண்டு பேருமே அங்கே இல்லை.

"யாரு மணி இது?" என்றார் பாலண்ணன்.

"ஒங்க தங்கச்சிண்ணே."

பாலண்ணன் அவர் எதிரே வந்து, வெறும் கையை விரித்துக் காட்டினார். அப்புறம் என்னைப் பார்த்து, "நீ மொதல்ல ஒக்காரு. அவ பாக்கட்டும்" என்றார்.

உட்கார்ந்தேன். எனக்குத் தேய்த்து முடித்து, சுவரோரம் அனுப்பினார். இந்திராணி முக்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்.

"பொம்பளைக்கு வெள்ளிக்கிழமதானேண்ணே எண்ண?"

"இங்க சனிக்கிழமதான் லா."

முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் அவருடைய முகம் அண்ணனுக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ, எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா சொன்ன பொய், கருமாதி, படையல். பாலண்ணனின் கை நின்றது. இல்லத்துக் கோழி ஒன்று போத்தலைச் சுற்றி வந்தது.

"அப்போ நீ வராதது பஸ் இல்லாததால இல்ல."

"இல்லண்ணே."

"நான் செத்துட்டேன், அதான்."

"ஆமாண்ணே."

அவர் யோசித்தார். "என்ன படையல் போட்ட?"

"சார்டின் சம்பல். கோப்பி ஓ."

"சார்டினயுமா காக்கா தின்னுச்சி?"

இந்திராணிக்குச் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாமல் தோள் குலுங்கியது. பாலண்ணன் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. நுனி முடிவரை வந்து, கடைசியில் உள்ளங்கையால் உச்சியில் தட்டினார்.

"மூடியாச்சு."

இந்திராணி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். தலையைப் பின்னால் சுவரில் சாய்த்தார்.

பாலண்ணன் கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றார். பை அறையில் தயாராக இருந்தது. ஆனாலும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. "ஒன் வீட்டுல எத்தன தலை இருக்கு?"

"நான் ஒருத்திதாண்ணே. பசங்க சிங்கப்பூர்ல."

"ஒரு தலைக்கா நான் அவ்ளோ தூரம் வரணும்?"

இந்திராணி கண்ணைத் திறக்காமலேயே, என்னைக் கேட்காமலேயே, "இவரும் வருவாரு. சனிக்கிழமையானா வந்துருவாரு" என்றார்.

பாலண்ணன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வருவியா? நீதான் எங்கயும் நிக்க மாட்டியே."

"வரேன் பாலண்ணே."

அப்படித்தான் அன்று காலை, ஓய்வு பெற்ற எனக்கு மறுபடி வேலை கிடைத்தது. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் தங்காக்குக்குப் போக வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து தலையைக் கொடுக்க வேண்டும். லீவு கிடையாது என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

"அப்புறம், காலைல பசியாறாம வா," என்றார். "இவ சார்டின் செய்வா. இந்தத் தடவ காக்காவுக்கு முன்னாடி நாம தின்னுரலாம்."